விண்டோஸ் எக்ஸ்பி: ஃபார்மேட் அடிக்கும் முன் கேளுங்கள்

கேள்வி: சார், கடையில் பில் போடும் எக்ஸ்பி கணினி. காலையில் ஆன் செய்தால் தேதி 2002-க்குப் போய்விடுகிறது, இணையதளம் எதைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. ஃபார்மேட் செய்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதை மாற்றிவிட்டு பயாஸில் (கணினி ஆன் ஆனதும், விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்யுங்கள். அப்புறமும் பல தளங்கள் திறக்காது. குரோம் 2016-லேயே எக்ஸ்பியை விட்டுவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2018-ல், மைக்ரோசாஃப்டோ 2014 ஏப்ரல் 8-உடன் ஆதரவையே நிறுத்திவிட்டது. பில் போடும் கணினிக்கு இணையம் எதற்கு? வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பாட்டு போட்டால் விக்குது, ஃபைல் காப்பி ஆகும்போது மவுஸ்கூட நகர மாட்டேங்குது. ரேம் 1 ஜிபி இருக்கு, வைரஸும் இல்லை.

பதில்: இதற்கு ரேம் வாங்கி காசை வீணாக்காதீர்கள் தம்பி. டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ (ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் பழைய முறை) கன்ட்ரோலர்களுக்குக் கீழே பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் இப்போது எந்த மோடில் ஓடுகிறது என்று பாருங்கள், பிஐஓ என்ற மெதுவான மோடு இருக்கும் என்பது என் ஊகம். ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கும்போது திரும்பத் திரும்பப் பிழை வந்தால் எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும், பிழை நின்ற பிறகும் தானாக மேலே ஏறாது. அந்த மோடில் ஒவ்வொரு பைட்டையும் பிராசஸரே சுமப்பதால்தான் மவுஸ் உறைகிறது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், பிராசஸருக்கு அந்தச் சுமையைத் தராத டிஎம்ஏ என்ற வேகமான மோடு திரும்பிவிடும். கொஞ்ச நாளில் மறுபடி பிஐஓவுக்கு இறங்கினால் 80 கம்பி ஐடிஇ கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லையா, டிஸ்க் சாகப்போகிறது, போட்டோக்களை இன்றைக்கே வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: கறுப்புத் திரையில் 'என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று நிற்கிறது.

பதில்: விண்டோஸைத் துவக்கி வைக்கும் ஃபைல்தான் என்டிஎல்டிஆர், அது கிடைக்கவில்லை என்கிறது. பென்டிரைவ் செருகியிருக்கிறதா? கணினி அதிலிருந்து துவங்கப் பார்க்கலாம். பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் எக்ஸ்பி சிடியில் ரெக்கவரி கன்சோலுக்கு (கட்டளை தட்டிப் பழுது பார்க்கும் திரை) போய், ஐ386 ஃபோல்டரில் இருந்து அந்த ஃபைலை சி டிரைவுக்கு காப்பி செய்யுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம் போட்டேன், 3.25தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை, பாவம் அவர். 32 பிட் எக்ஸ்பியில் மொத்த முகவரியே 4 ஜிபிதான், அதில் கிராபிக்ஸ் கார்டு மாதிரியானவையும் பங்கு கேட்கும்.

கேள்வி: தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது மேடம்.

பதில்: சார்தான், பரவாயில்லை. கன்ட்ரோல் பேனல், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ், அங்கே முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். சிடி கேட்கும், கொடுங்கள். லதா எழுத்துரு வந்துவிடும்.

கேள்வி: மேலே சொன்னபடி பேட்டரி மாற்றினேன் சார், இப்போது எக்ஸ்பி லோகோ வந்து நீலத்திரை, கடைசியில் 7பி என்று ஒரு எண்.

பதில்: பேட்டரி போனதில் பயாஸ் அமைப்புகள் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். பயாஸில் சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு) என்ற இடத்தில் ஏஹெச்சிஐ என்ற புதிய முறை இருந்தால் ஐடிஇ என்று மாற்றி சேவ் செய்யுங்கள், எக்ஸ்பியோடு ஏஹெச்சிஐக்கு டிரைவர் சேர்ந்து வராது. மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.