ஐடி வேலையை விட்டுவிட்டு ஃபுட்பால் கோச் ஆகப் போகிறானாம் மகன்!

கேள்வி: நாங்கள் இருபது வருடமாக டெக்ஸாஸில் இருக்கிறோம். மகன் இந்த மே மாதம் கணிதத்தில் பட்டம் வாங்குகிறான். ஐடி கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் அவனோ வேறு மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், அஃபென்ஸ் (பந்தை வைத்துத் தாக்கி ஆடும்) பக்கம் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக, அதாவது மேற்படிப்பு படித்துக்கொண்டே கோச்சுகளுக்கு உதவுபவனாகச் சேரப் போகிறேன் என்கிறான். கல்லூரியில் மூன்று வருடம் அணிக்கு மாணவ உதவியாளனாக இருந்தான். ஹைஸ்கூலோடு அவன் விளையாட்டு முடிந்தது. விளையாடாதவன் எப்படி கோச் ஆவான்? சம்பளமும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவன் அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இதெல்லாம் ஒரு தொழிலா? தடுக்கவா, விடவா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்ஸாஸ்

பதில்: அன்புள்ள சகோதரி,

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுக்காதீர்கள், போகட்டும். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். அதற்காகத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தொழிலா என்றால், தொழில்தான். கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. அதற்குக் கீழே இன்னும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள். ஹெட் கோச்சுக்கு அடுத்து, அஃபென்ஸ் முழுவதையும் பார்த்துக்கொள்ள ஒரு கோஆர்டினேட்டர். அவருக்குக் கீழே குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), முன்வரிசை என்று தனித்தனி கோச்சுகள். இவர்களுக்கெல்லாம் கீழே, கடைசிப் படியில் நிற்பவர்தான் கிராஜுவேட் அசிஸ்டென்ட். பெரிய பல்கலைக்கழகங்களில் கோஆர்டினேட்டருக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல்கூடக் கொடுக்கிறார்கள். கடைசிப் படியில் கிடைப்பது மேற்படிப்புக் கட்டணமும் கைச்செலவுக்கு ஒரு தொகையும்தான். நடுவில் உள்ள சிறிய கல்லூரிகளில், பள்ளி ஆசிரியர் சம்பளத்தை எட்டாத கோச்சுகளும் உண்டு. ஆகவே உங்கள் கணவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

விளையாடாதவன் கோச் ஆக முடியுமா என்ற கேள்விக்கு உங்கள் மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. மைக் லீச் கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவரே அல்ல. சட்டம் படித்துவிட்டு, வக்கீல் தொழிலுக்குப் போகாமல், சின்னச் சின்னக் கல்லூரிகளில் உதவி கோச்சாக வேலை பார்த்தார். இடையில் பின்லாந்து வரை போய் ஓர் அணிக்கு கோச்சாக இருந்தார். அப்புறம் ஹால் மம்மி என்ற ஹெட் கோச்சோடு அயோவா வெஸ்லியன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். அந்த இருவரும் வளர்த்தெடுத்ததுதான் பந்தை அதிகம் எறிந்து ஆடும் 'ஏர் ரெய்ட்' என்ற ஆட்டமுறை. 2000இல் லீச் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச் ஆனார்.

அங்கே மியூல்ஷூ என்ற சின்ன ஊரிலிருந்து ஸ்காலர்ஷிப் இல்லாத குவாட்டர்பேக்காக வந்து சேர்ந்தவர் லிங்கன் ரைலி. ஆட்டக்காரராக அவருக்கு இடம் இல்லை என்று ஆனபோது லீச் அவரை 2003இல் மாணவ உதவியாளராக வைத்துக்கொண்டார். உங்கள் மகன் தொடங்கிய அதே இடம். 2007இல்தான் ரிசீவர்களுக்கு கோச் ஆனார். 2009 டிசம்பரில் நிர்வாகம் லீச்சை நீக்கியது. அடுத்த சில நாட்களில் ஆலமோ பௌல் என்ற சீசன் இறுதி ஆட்டம். லீச்சிடம் உதவி கோச்சாக இருந்த ரஃபின் மெக்நீல் பொறுப்பு ஹெட் கோச்சாக நிற்க, அஃபென்ஸை நடத்தியவர் 26 வயது ரைலி. ஜெயித்தார்கள். ஆனாலும் மெக்நீலுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை. அவர் ஈஸ்ட் கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு ஹெட் கோச்சாகப் போனபோது ரைலியை கோஆர்டினேட்டராகக் கூட்டிக்கொண்டு போனார். 2015இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு மாறிய ரைலி, அந்த வருடமே சிறந்த உதவி கோச்சுக்கான பிராய்ல்ஸ் விருதை வாங்கினார். 2017இல், 33 வயதில், அங்கேயே ஹெட் கோச் ஆனார். ஈஸ்ட் கரோலைனாவில் பதவி போயிருந்த மெக்நீலைத் தன்னிடம் உதவி கோச்சாக அழைத்துக்கொண்டார்.

ரைலி அளவுக்கு உயர்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் மகனும் அப்படி வருவான் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்பது இந்தக் கதையில் தெரிகிறது, அதனால்தான் சொன்னேன். ஹெட் கோச் போனால், அவர் சேர்த்த உதவி கோச்சுகள் பலருக்கும் வேலை போகும். அது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், ஆட்டம் சரியாகப் போகாத வருடத்தில் நடக்கும். அடுத்த வேலை யாரோ ஒருவர் போனை எடுத்து 'இவனை வைத்துக்கொள், நன்றாக வேலை செய்வான்' என்று சொல்வதில்தான் கிடைக்கிறது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊர் மாற வேண்டி வரலாம். அவனுக்கு வரப்போகிற பெண்ணும் இதைத் தெரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும்.

சரி, அப்படியிருந்தும் ஏன் போகச் சொல்கிறேன்? அவன் மூன்று வருடம் கோச்சுகள் வீடியோ பார்த்து வேலை செய்யும் அறைக்குள் இருந்துவிட்டான். டிவியில் தெரியும் ஆரவாரத்துக்கும் அந்த அறைக்கும் சம்பந்தமே இல்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால், ஞாயிறன்று அடுத்த எதிரணியின் வீடியோ வந்துவிடும். ஒவ்வொரு ப்ளேயையும் (பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியையும்) நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்புகளில் எத்தனையாவது), எத்தனை யார்டு பாக்கி, டிஃபென்ஸ் எப்படி நின்றது, எத்தனை பேர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தார்கள் என்று பதிய வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கே அறுபது எழுபது ப்ளே இருக்கும். அப்படிப் பல ஆட்டங்கள். பிறகு எதிரணி டிஃபென்ஸ் நிற்கும் விதத்தை அட்டைகளில் தடித்த பேனாவால் வரைந்து, மறுநாள் பயிற்சியில் மாற்று ஆட்டக்காரர்கள் முன்னால் தூக்கிப் பிடித்துக் காட்டி, அதே போல நிற்க வைக்க வேண்டும். தவறாக வரைந்தால், முதல் அணி தவறான டிஃபென்ஸுக்குத் தயாராகிவிடும். யாரும் கைதட்டாத இந்த வேலையை மூன்று வருடம் பார்த்துவிட்டு இன்னும் வேண்டும் என்று ஒரு பையன் கேட்கிறான் என்றால், அதை ஆசைக் கிறுக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அவன் படித்த கணிதமும் வீண் போகாது. மூன்றாவது டவுனில் ஏழு யார்டு பாக்கி இருக்கும்போது இந்த எதிரணி எத்தனை முறை பாய்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஆளுக்கு இன்று நல்ல தேவை. இன்னொன்று, உச்சப் பிரிவில் முன்பு ஹெட் கோச்சைத் தவிர பத்து உதவி கோச்சுகளும் சில கிராஜுவேட் அசிஸ்டென்ட்டுகளும்தான் களத்தில் இறங்கிச் சொல்லித்தர முடியும். 2024இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அனலிஸ்ட் என்று அறையில் உட்கார்ந்திருந்தவர்களும் இப்போது ஆட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாம். இளைஞர்களுக்கு இது நல்ல மாற்றம்.

அவனிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. எந்த மேற்படிப்பு? நேரம் மிச்சமாகும் என்று சுலபமான பட்டத்தை எடுக்க வேண்டாம். புள்ளியியல் மாதிரி வெளியிலும் மதிப்புள்ள ஒன்றை எடுக்கட்டும், கஷ்டம்தான் என்றாலும். மருத்துவக் காப்பீடு உண்டா? அந்த ஹெட் கோச்சின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை வருடம்? கோஆர்டினேட்டர் தன்னிடம் இருந்த பையன்களை மேலே ஏற்றிவிட்டவரா? இதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தாலே தெரிந்துவிடும்.

இந்த வேலை பொதுவாக இரண்டு வருடம். அது முடியும்போது ஒரு கோச்சாவது அவனுக்காக வேறு இடத்தில் பேசுகிறாரா என்று பாருங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், மேற்படிப்புப் பட்டத்தோடு ஐடி பக்கம் திரும்பட்டும். அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயதுதான் இருக்கும்.

ஐடி கம்பெனிக்கு வரவில்லை என்பதை இழுத்தடிக்காமல் இப்போதே எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்டில் முகாம் தொடங்கிவிட்டால் அவன் வீட்டுக்கு வருவது கஷ்டம். தீபாவளியும் சீசன் நடுவில்தான் வரும். அப்பாவும் மகனும் பேச வேண்டியதை ஜூலைக்குள் பேசி முடிக்கட்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், மகன் பழைய ஆட்டம் ஒன்றை லேப்டாப்பில் போட்டு, தான் செய்த வேலை என்ன என்று அப்பாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கட்டும். நீங்களும் கூடவே உட்கார்ந்து கேளுங்கள்.