இலை விழுந்த தழும்பு

கேள்வி: மேல்நாட்டுப் பிரசங்கங்களில் இலையுதிர்காலத்தை ஆவிக்குரிய பாடமாகச் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையையும் புயலையுமே காணும் நமக்கு அது பொருந்துமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்.

பதில்: பருவம் வேறுதான்; ஆனால் நம் பக்கத்து மரங்களும் இலை உதிர்க்கின்றன. தெருவோரத்து நாட்டு வாதுமையில் சிவந்து விழுந்த இலையின் காம்பு இருந்த இடத்தை உற்றுப் பாருங்கள். இலையிலிருந்த சத்தில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொண்டு, காம்படியில் மெல்லிய தடுப்பொன்றை உண்டாக்கிய பிறகே மரம் அதைக் கைவிடுகிறது. அந்தத் தழும்பை ஒட்டியே அடுத்த மொட்டும் காத்திருக்கிறது. நிலத்தில் விழுந்து செத்தால்தான் மிகுந்த பலன் தரும் என்று யோவான் 12:24இல் இயேசு சொன்ன கோதுமை மணியின் உவமை இதற்கு அடுத்த வீடுதான்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கூடாரப் பண்டிகை. இஸ்ரவேல் நாட்டின் இலையுதிர்காலத்தில், களத்தின் பலனையும் திராட்சை ஆலையின் பலனையும் சேர்த்து முடித்து, களஞ்சியம் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான், வீட்டை விட்டு 7 நாள் கூடாரத்தில் குடியிருக்கும்படி லேவியராகமம் 23 கட்டளையிடுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் கூரை பறந்ததைக் கண்ட கடலூர்க்காரர்களுக்குக் கூடாரம் இன்னதென்று மேல்நாட்டுப் போதகர் வந்து விளக்க வேண்டியதில்லை.