உச்சரிப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பெருந்துறைப் பக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறேன். பருவ முடிவில் மாணவர்கள் எழுதும் மதிப்பீட்டில் ‘பேசுவது புரியவில்லை’ என்று சிலர் எழுதிவிட்டார்கள். துறைத்தலைவர் உச்சரிப்புப் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார். ராத்திரியெல்லாம் அவர்களைப் போலப் பேசிப் பழகுகிறேன். என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. பயிற்சிக்குப் போவதா, ஊருக்கே வந்துவிடுவதா?

– ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

பயிற்சிக்குப் போங்கள், நிறுத்திப் பேசக் கற்றால் நஷ்டமில்லை. ஊருக்கு வருவது உங்கள் வீட்டுக் கணக்கு. ஆனால் அந்தக் கூச்சத்துக்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். புள்ளியியல் படித்த பெண், ஆதாரம் கேட்காமல் எப்படி ஒப்புக்கொண்டீர்கள்?

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ரூபின் 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்கப் பெண் ஒருத்தி பேசிய பாடத்தின் ஒலிப்பதிவு. மாணவர்களில் சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தையும், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படத்தையும் காட்டிக் கேட்க வைத்தார். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதே குரலில் அந்நிய உச்சரிப்பு கேட்டது. பாடமும் குறைவாகத்தான் ஏறியது. அவர்களுக்காக நீங்கள் ராத்திரி முழுக்க நாக்கை வளைத்து என்ன பிரயோசனம்? வந்த புகாரில் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு, முகத்துக்கு எவ்வளவு என்று யாராவது பார்த்தார்களா?

கோபியில் நான் ஒன்பதாவது படிக்கும்போது திருநெல்வேலியிலிருந்து ஒரு பூகோள வாத்தியார் மாற்றலாகி வந்தார். ‘சரிங்க, ஏனுங்க’ என்று இழுத்தே பழகிய எங்களுக்கு அவர் வேகம் பிடிபடவில்லை. ‘ஏலே’ என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். வீட்டிலிருந்து புகார் போயிற்று. தலைமையாசிரியர் வாத்தியாரை ஒன்றும் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் எங்களோடு வந்து உட்கார்ந்து, பருவக்காற்றுப் பாடத்தை முழுக்க நோட்டில் எழுதினார். பிறகு அந்த நோட்டை எங்கள் முன்னால் விரித்து, ‘எனக்கு அத்தனையும் வெளங்குச்சு கண்ணுகளா, உங்களுக்கு ஏன் வெளங்கலை?’ என்றார். கொஞ்ச நாளில் எங்கள் காது பழகிவிட்டது. பொங்கலுக்குள் அவர் சொன்ன மாதிரியே ஒப்பித்துக் கொண்டிருந்தோம்.

கேட்கிறவனுக்கும் பாடுபட வேண்டிய பொறுப்பு இருக்கிறது. கட்டணம் கட்டியதால் அது தீர்ந்துவிடாது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர ஒரு பல்கலைக்கழகத்துக்கு வாய் வராதா? பழியை உங்கள் தலையில் கட்டுவது அவர்களுக்குச் சுலபம். நீங்களும் கூடச் சேர்ந்து கட்டிக்கொள்ளாதீர்கள்.

துறைத்தலைவருக்கு எழுதுங்கள். வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள், எந்த இடம் புரியவில்லை என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். அந்த நாட்டின் 1964-ம் வருடக் குடிமை உரிமைகள் சட்டம் பிறந்த நாட்டை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. உச்சரிப்பைக் காரணம் காட்ட வேண்டுமென்றால் அது வேலையை நிஜமாகவே கெடுக்கிறது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். கடிதத்தை மறக்காமல் எழுத்தில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.