ஆப்சென்ட் 14 சதவீதமா? பெயரை வெட்டும் முன் மஸ்டரைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து ஏற்றுமதி செய்யும் யூனிட் நடத்துகிறேன். நேரடி ஆட்கள் 140 பேர், காண்ட்ராக்டர் மூலம் 40 பேர். பையர் அனுப்பிய ஆடிட்டர், ‘ஆப்சென்டீசம் 14 சதவீதம், மாநிலச் சராசரியைவிட அதிகம்’ என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். வராத ஆட்களின் பெயரை மாதாமாதம் ரோலிலிருந்து எடுத்துவிட்டால் சதவீதம் தானாக இறங்கிவிடும் என்கிறார் எங்கள் லேபர் கன்சல்டன்ட். அப்படிச் செய்யலாமா? ஒரு மாத மஸ்டர் (வருகைப் பதிவேடு) சுருக்கம் இணைத்திருக்கிறேன்.

பதில்: செய்யாதீர்கள். உங்கள் 14 சதவீதமே தப்பான கணக்கு. அதைத் திருத்த யார் பெயரையும் வெட்டத் தேவையில்லை.

வேலை கொடுக்க நீங்கள் தயாராக இருந்து, அது தொழிலாளிக்கும் தெரிந்திருந்தால், அந்த நாள் அவர் வர வேண்டிய நாள். அப்படிப்பட்ட நாட்களின் மொத்தம் கீழே, அவற்றில் வராமல் போனவை மேலே. நூறால் பெருக்கினால் சதவீதம். மத்திய அரசின் லேபர் பீரோ வெளியிடும் விகிதத்துக்கும் இதுதான் அடிப்படை. வாராந்திர விடுமுறை, பண்டிகை விடுமுறை, ஸ்டிரைக், வேலை இல்லாமல் நீங்களே நிறுத்திய நாள், இவை மேலேயும் வராது, கீழேயும் வராது. ஷிப்டில் கொஞ்ச நேரம் வேலை பார்த்தவரும் வந்தவர்தான். ஆனால் சொல்லிவிட்டு லீவு எடுத்தவரும் வராதவர் கணக்கில்தான் வருவார். ‘பெர்மிஷன் வாங்கியவர்களைக் கழித்துவிட்டேன்’ என்று யாராவது குறைந்த சதவீதம் காட்டினால் நம்ப வேண்டாம்.

உங்கள் மஸ்டரை எடுத்துக்கொள்வோம். 140 பேர், 26 நாள்: 3,640. வராத நாட்கள் 510. 14 சதவீதம் வந்த வழி இது. அந்த 510-க்குள் மூன்று தப்பு இருக்கிறது. டையிங்கிலிருந்து துணி வராததால் 40 டெய்லர்களை நீங்களே இரண்டு நாள் வர வேண்டாம் என்றிருக்கிறீர்கள். அந்த 80 நாளுக்கும் ‘ஆ’ (ஆப்சென்ட்) போட்டிருக்கிறது. மாத முதல் நாளிலிருந்தே வராமல் போன 6 பேருக்கு 26 நாளும் ‘ஆ’. அவர்களுக்கு முதல் ஒரு வாரம், அதாவது 6 வேலை நாள் மட்டும் எண்ணினால் 36 ஆகும். மீதி 120-ஐ மேலேயும் கீழேயும் கழிக்க வேண்டும். மதியம் கிளம்பிப் போனவர்களுக்கு 60 அரை நாள் போட்டிருக்கிறீர்கள். அந்த 30-ஐ மேலே மட்டும் கழியுங்கள். 280-ஐ 3,440-ஆல் வகுத்தால் 8.1 சதவீதம். பையருக்கு அனுப்ப வேண்டிய எண் இது. எதை ஏன் கழித்தீர்கள் என்று ஒரு பக்கத் தாளும் கூடவே போகட்டும்.

‘துணி வரவில்லை’ என்று நாட்களைப் பிரித்து எழுதும்போது ஒன்றைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அது சட்டப்படி லே-ஆஃப். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில், ஒரு வருட சர்வீஸ் முடித்தவர்களுக்கு அந்த நாளுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி தர வேண்டும். சதவீதத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று வருகிற கன்சல்டன்ட்கள் இதைச் சொல்வதில்லை.

இப்போது அந்த ஒரு வார விஷயம். எல்லாரும் சறுக்குவது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டவரை ஒரு வாரத்துக்கு மேல் வராதவராக எண்ண வேண்டாம் என்பது புள்ளிவிவரத்துக்கான வழக்கம். உங்கள் கன்சல்டன்ட் இதையே எடுத்து, ஒரு வாரம் வராவிட்டால் பெயரை வெட்டலாம் என்று திரித்துவிட்டார். ஆப்சென்ட் கணக்குப் போடும் தாளில் அந்த ஆறு பேரைத் தனியாக ஒதுக்குங்கள். மஸ்டரில் அவர்கள் பெயர் அப்படியே இருக்க வேண்டும். தொடர்ந்து வராததால் பெயரை வெட்டினால் அதுவும் ஆட்குறைப்புதான் என்று ராபர்ட் டிசோசா வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழிற்சாலையின் வேலை விதிகளான நிலையாணையிலேயே ‘தானாக நீங்கியதாகக் கருதப்படும்’ என்று இருந்தாலும் விசாரணை இல்லாமல் நீக்க முடியாது என்று டி.கே. யாதவ் வழக்கில் 1993-இல் தீர்ப்பு வந்தது. இத்தனை வருடம் கழித்தும் மாதா மாதம் பெயர் வெட்டுவதை ஒரு சேவையாக விற்கிறார்கள் என்றால் என்ன சொல்ல!

அந்த வெட்டு எங்கே நடக்கும் தெரியுமா? தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் தளத்தில் மாதப் பங்களிப்பு ஏற்றும் இடத்தில். ஒருவருக்குச் சம்பள நாள் பூஜ்யம் என்று போட்டால் திரை காரணம் கேட்கும். ‘விடுப்பில்’, ‘வேலையை விட்டார்’, ‘வேலை இல்லை’ என்று வரிசையாக இருக்கும். கன்சல்டன்ட் ஆபீஸ் பையன் கண்ணை மூடிக்கொண்டு ‘வேலையை விட்டார்’ என்று தட்டி, கடைசி வேலை நாளையும் போட்டுவிடுவான். அந்தத் தொழிலாளி டைபாய்டில் படுத்திருக்கலாம். இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழோடு திரும்பி வந்தால் உங்கள் நிலை என்ன? நோய்க்காலப் பலன் வாங்கும் காலத்தில் ஒருவரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது. நீங்கள் நீக்கியதற்குச் சாட்சி நீங்களே ஏற்றிய அந்தப் பதிவு. பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதி போடுவதும் இதே வில்லங்கம்தான். போர்டல் பாஸ்வேர்டை இன்றே மாற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலச் சராசரி விஷயத்துக்கு வருகிறேன். ஆடிட்டர் எந்த ஆண்டு எண்ணைக் காட்டினார், எந்தத் தொழிலுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். லேபர் பீரோவின் விகிதம் ஆண்டுத் தொழில் ஆய்வோடு திரட்டப்படுகிறது. அச்சில் வரும்போது இரண்டு மூன்று வருடம் பழசாகியிருக்கும். அது நேரடி நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும். தேசம் முழுக்க காண்ட்ராக்ட் ஆட்களை வைத்துத் தொழிற்சாலை ஓடுகிறது, அவர்கள் வந்தார்களா வரவில்லையா என்பது கணக்கிலேயே இல்லை. இந்த லட்சணத்தில் மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிட்டு எந்த ஊர்க்காரன் சோம்பேறி என்று பேசுகிறார்கள். ஹாஸ்டல் வைத்து ஆள் எடுக்கும் நூற்பாலையில் தினசரி ஆப்சென்ட் குறைவாகத் தெரியும், ஊருக்குப் போனால் மொத்தமாகப் போவார்கள். ஒடிசா, பீகார் ஆட்கள் அதிகமுள்ள யூனிட்டில் துர்கா பூஜை, சத் பண்டிகை வரும் அக்டோபர், நவம்பரில் ஏறும். நம் ஊர் ஆட்களுக்குப் பொங்கல், நோன்பி.

தொழில் எண்ணையும் பாருங்கள். தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இல் நூற்பும் பின்னல் துணியும் 13, ஆடை 14. துணியை வெட்டித் தைக்கும் உங்கள் டி-ஷர்ட் 141-இல் வரும். ஸ்வெட்டர், சாக்ஸ் மாதிரி மெஷினிலேயே உருவமாகப் பின்னி எடுப்பது 143. ‘பின்னலாடை’ என்ற பெயரைப் பார்த்து 143-ஓடும், சில சமயம் ஸ்பின்னிங் மில்லோடும் உங்களை ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

காண்ட்ராக்டரின் 40 பேரை உங்கள் 140-ஓடு சேர்க்காதீர்கள். ஒருவர் வராவிட்டால் இன்னொருவரை அனுப்பி தினமும் 40 தலை காட்டுவார், ஆப்சென்ட் பூஜ்யம் என்பார். தலை எண்ணிக்கையை வாங்காதீர்கள், பெயரோடு விரல் பதிவு கேளுங்கள். ஒரே ஆள் இரண்டு கம்பெனி லிஸ்டில் இருக்கும் புரோக்கர் வேலையும், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சீசன் நடுவில் பேட்சையே வேறு கம்பெனிக்கு நகர்த்துவதும் அப்போதுதான் பிடிபடும். அவர் பி.எஃப். கட்டாமல் விட்டாலும் கடைசியில் கை நீட்டப்போவது உங்களிடம்தான்.

மீதி 8 சதவீதத்தைக் கிழமைவாரியாகவும் செக்‌ஷன்வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும் இடத்தில் திங்கள்தான் அடிவாங்கும். சம்பள நாளை வாரத்தின் நடுவுக்கு மாற்றிப் பார்க்கலாம். ஒரு லைனில் ஓவர்லாக் தையல் மெஷினில் இரண்டு பேர் வராவிட்டால் பின்னால் இருக்கும் பேட்லாக் மெஷினும் சேர்ந்து நிற்கும். லைனுக்கு இரண்டு பேராவது இரண்டு மெஷினும் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

நின்றுவிட்ட ஆறு பேருக்கும் இந்த வாரமே கடிதம் போகட்டும். பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில், ரூம் முகவரிக்கு ஒன்று, ஆதாரில் உள்ள சொந்த ஊர் முகவரிக்கு ஒன்று. வடமாநில ஆளுக்கு இந்தியிலோ ஒடியாவிலோ எழுதுங்கள். கடைசியாக வந்த தேதி, திரும்ப வர வேண்டிய தேதி, வராததற்குக் காரணம் கேட்பது, இந்த மூன்றும் போதும். பதில் இல்லையென்றால் இரண்டாவது கடிதம், அதற்கும் இல்லையென்றால் விசாரணை அறிவிப்பு. ‘விலாசத்தில் இல்லை’ என்று திரும்பி வரும் கவரைப் பிரிக்காமல் அவர் ஃபைலிலேயே வையுங்கள்.