இரண்டு மொழி பேசும் பிள்ளை நடிகனாகப் போகிறேன் என்றால்

அக்கா, உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் ஒன்றாகப் பிணைந்து கிடக்கின்றன. பதினோராம் வகுப்பில் இருக்கும் மகன் அபிடூரை (பல்கலைக்கழகம் போகத் தேவையான பள்ளி இறுதிப் பரீட்சையை) விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்கிறான், அது ஒன்று. வீட்டில் தமிழிலேயே பேசி வளர்த்ததால் அவனுடைய டொச் (ஜேர்மன் மொழி) மற்றப் பிள்ளைகளின் டொச் போல வராமல், கமராவுக்கு முன்னால் எடுபடாமல் போய்விடுமோ என்பது மற்றது. அதை உங்கள் பிழையாகவே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்குப் பதில் சுலபம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகன் உங்களிடம் உதாரணம் காட்டிய நடிகர் டானியல் ப்ரூலையே எடுத்துக்கொள்வோம். 1978இல் பார்சலோனாவில் பிறந்தவர். தாய் ஸ்பெயின்காரர், ஆசிரியை. தந்தை ஹானோ ப்ரூல் ஜேர்மன் தொலைக்காட்சி இயக்குநர். பிள்ளை பிறந்து கொஞ்சக் காலத்திலேயே குடும்பம் ஜேர்மனியின் கேல்ன் (கொலோன்) நகருக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் தாயின் மொழியும் இருந்தது, பள்ளியிலும் தெருவிலும் டொச். கிட்டத்தட்ட உங்கள் வீட்டு நிலைமைதான். இதனால் அவருடைய டொச் கெட்டுப்போனதா? 2003இல் வந்த 'குட் பை லெனின்' படத்தை மகனோடு இருந்து ஒருமுறை பாருங்கள். பேர்லின் சுவர் விழுந்த நேரத்தில் நினைவிழந்து கிடந்த தாய் கண் விழிக்கிறார். அவருக்கு அதிர்ச்சி வரக்கூடாது என்பதற்காகப் பழைய கிழக்கு ஜேர்மனி இன்னும் இருப்பது போல வீட்டுக்குள்ளேயே மகன் நாடகமாடுகிறான். கடையில் இப்போது கிடைக்கும் வெள்ளரிக்காய் ஊறுகாயைப் பழைய போத்தல்களில் மாற்றி ஊற்றித் தாய்க்குக் கொடுக்கும் அந்தப் பையன்தான் ப்ரூல். மேற்கு ஜேர்மனியில், அதுவும் ஸ்பானியத் தாயிடம் வளர்ந்தவர், கிழக்கு பேர்லின் பிள்ளையாக வந்து நின்றார். அந்த வருடம் ஐரோப்பியத் திரைப்பட விருதில் சிறந்த நடிகரும் அவர்தான்.

ஆகவே தமிழ் பேசி வளர்த்தது பிழையே இல்லை. அந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆனால் மகன் இந்தக் கதையில் பாதியைத்தான் படித்திருக்கிறான். இரண்டு மொழி தெரிந்ததால் உலகம் கூப்பிட்டது என்று அவன் நினைக்கிறான். வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு. ப்ரூல் சின்ன வயதிலேயே வானொலி நாடகங்களில் பேசியவர், டப்பிங் செய்தவர். 1995இல், இப்போது உங்கள் மகனுக்கு இருக்கும் வயதில், தினமும் ஒளிபரப்பாகும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் தெருவில் வாழும் பையனாக வந்தார். 2001இல் மனச்சிதைவு நோய்க்குள் விழும் ஓர் இளைஞனாக நடித்த படம்தான் ஆட்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகுதான் 'குட் பை லெனின்'. அந்தத் தொடரிலிருந்து இதற்கு எட்டு வருடம். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை எல்லாம் டொச் படங்கள். ஸ்பானிய மொழி பெரிதாகக் கைகொடுத்தது 2006இல், 'சல்வடோர்' படத்தில்: ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி 1974இல் கொன்ற கற்றலான் இளைஞர் சல்வடோர் புய்க் அன்டிக் ஆக. ஒரு மொழியில் நடிகன் என்று நிரூபித்த பிறகுதான் மற்ற மொழியின் கதவு திறந்தது.

அடுத்து 2013இல் வந்த 'ரஷ்'. பந்தயக் கார் ஓட்டுநர் நிக்கி லௌடாவாக நடிக்க வேண்டும். லௌடா ஆஸ்திரியர், அவர் பேசியதும் டொச்தான். ப்ரூல் என்ன, ஆஸ்திரியர் பேசுவதைக் கேட்டதே இல்லையா? அப்படியிருந்தும் அந்த வியன்னாப் பேச்சைப் பயிற்சியாளர் வைத்துப் பழகினார், லௌடாவின் ஆங்கிலத்தில் அது எப்படி ஒலிக்கும் என்பது உட்பட. முன்பல் துருத்தித் தெரியப் பொய்ப்பல் கட்டினார், பந்தயக் கார் ஓட்டப் பழகினார். லௌடாவைச் சந்திக்கப் போன கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கைப்பை ஒன்றை மட்டும் கொண்டு வா, ஒருவரையொருவர் பிடிக்காவிட்டால் உடனே திரும்பிப் போய்விடலாம் என்றாராம் லௌடா. பிடித்துப்போய்விட்டது, அங்கேயே தங்கிப் படித்தார். கோல்டன் குளோப் பரிந்துரை அந்த வேடத்துக்குத்தான் வந்தது. "எனக்குத்தான் டொச் தெரியுமே" என்று மகன் சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். ப்ரூலின் தந்தை இந்தத் தொழிலில் இருந்தவர். படப்பிடிப்பு எப்படி நடக்கும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழுந்திருக்கும். உங்கள் மகனுக்கு அது இல்லை. இன்னொன்று, ப்ரூல் தெருவில் நடந்தால் யாரும் "நீ எந்த ஊர்?" என்று கேட்கப் போவதில்லை. உங்கள் மகனை ஆரம்பத்தில் டாக்ஸி ஓட்டுநராகவும் அகதியாகவும் கியோஸ்க் கடைக்காரராகவும்தான் அதிகம் கூப்பிடுவார்கள். நிலைமை மாறி வருகிறது, ஆனால் மெதுவாக. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற 'தீபன்' படத்தில் பேச்சில் பெரும்பகுதி தமிழ். நாயகனாக நடித்தவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி எப்போதாவது வரும் ஒரு படத்தை நம்பிப் பள்ளியை விட முடியாது.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். ப்ரூல் நடிப்புப் பள்ளிக்குப் போனவர் அல்ல, மகன் இதையும் கட்டாயம் சொல்லுவான். அது உண்மைதான். ஆனால் அவருக்கு வானொலி ஸ்டூடியோவே பள்ளிக்கூடம், அதுவும் சிறு வயதிலிருந்து. பதினேழு வயதில் முதல் அடி வைக்கிறவனுக்கு நான் சொல்வது அரசு நடிப்புப் பள்ளிதான். பேர்லினில் ஏர்ன்ஸ்ட் புஷ், மூன்ஷனில் (மியூனிக்) ஒட்டோ ஃபால்க்கன்பெர்க், நீங்கள் இருக்கும் டோர்ட்முண்டுக்குப் பக்கத்திலேயே ஃபொல்க்வாங் பல்கலைக்கழகத்தின் நடிப்புப் பிரிவு, போகுமில். இவற்றில் படிப்பு பொதுவாக நான்கு வருடம். தனியார் பள்ளிகள் போல மாதாமாதம் பெரிய கட்டணம் வாங்குவதில்லை. தகுதி இருந்தால் பாஃபோக் என்ற அரசுப் படிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். சிக்கல் உள்ளே போவதில்தான். பல நூறு பேர் வருவார்கள், எடுப்பது ஒரு சிறு வகுப்பு. சில நாடகப் பகுதிகளை மனப்பாடமாக நடித்துக் காட்ட வேண்டும். ஒன்று பழைய செவ்வியல் நாடகத்திலிருந்து, ஒன்று இக்காலத்தது என்று கேட்பார்கள், பல இடங்களில் ஒரு பாட்டும் இருக்கும். இரண்டு மூன்று சுற்று நடக்கும். முதல் வருடமே இடம் கிடைப்பது அரிது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் போய் நிற்கிறவர்கள்தான் அதிகம்.

அபிடூர் தேவையா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. தனித்திறமை இருந்தால் அபிடூர் இல்லாமலும் எடுக்கும் கலைப் பள்ளிகள் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இடம் கிடைக்காத அந்த இடைவெளி வருடங்களில் மகன் என்ன செய்வான்? கையில் அபிடூர் இருந்தால் பல்கலைக்கழகமோ நல்லதொரு அவுஸ்பில்டுங்கோ (தொழிற்பயிற்சியோ) செய்துகொண்டே திரும்ப முயற்சிக்கலாம். இல்லாவிட்டால் வேலை தேடுவதிலேயே சலித்துப்போய் நடிப்பை விட்டுவிடுவான். அவனிடம் "படித்து முடி, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள் அக்கா. அந்த 'பிறகு' வராது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அபிடூரும் நடிப்பும் இந்த இரண்டு வருடம் ஒன்றாகவே போகட்டும் என்று சொல்லுங்கள், அதற்கு நேரமும் பஸ் காசும் கொடுங்கள்.

என்ன செய்யலாம்? பெரிய நகர நாடக அரங்குகள் பலவற்றில் இளையோருக்கான நாடகக் குழு இருக்கிறது, அதில் சேரட்டும். கேல்னில் திரைப்படப் பள்ளி மாணவர்கள் தங்கள் குறும்படங்களுக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள். சம்பளம் பெரும்பாலும் இருக்காது, ஆனால் பிற்பாடு ஏஜென்சிக்குக் காட்ட இரண்டு நிமிட வீடியோ கிடைக்கும். நடிகர்களுக்கான விபரப் பக்கத்தில் உயரம், கண் நிறம், ஓட்டத் தெரிந்த வாகனம் எல்லாவற்றோடும் மொழிகளை எழுதச் சொல்லுவார்கள்: தாய்மொழியா, சரளமா, ஓரளவா என்று. அங்கே தமிழுக்கு நேரே 'தாய்மொழி' என்று எழுத அவனுக்குத் தைரியம் வர வேண்டும். உங்களோடு சமையலறையில் பேசுவது மட்டும் போதாது. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் தடங்காமல் வாசிக்கிறானா, கோபமாக ஒரு நீண்ட வசனத்தைத் தமிழில் சொல்லும்போது நடுவில் டொச் சொல் நுழைகிறதா என்று போனில் பதிவு செய்து கேட்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பேச்சும் சென்னைப் பேச்சும் வேறு வேறாகப் பேச வந்தால் டப்பிங்குக்கும் உதவும்.

ஓர் இடைக்குறிப்பு. டாரண்டினோ படத்தில் டொச்சும் பிரெஞ்சும் பேசி நடித்து, 2009இல் உலகமே பார்த்த பிறகும், ப்ரூல் 2011இல் பேர்லினின் குரொய்ட்ஸ்பெர்க்கில் ஒரு ஸ்பானிய டாபாஸ் கடையை ஆட்களோடு சேர்ந்து திறந்தார். தேவைக்காகச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடிப்போடு இன்னொரு தொழிலையும் வைத்திருப்பது இங்கே யாருக்கும் குறைவான காரியம் இல்லை.

கடைசியாக, நீங்கள் அனுப்பிய தனியார் பள்ளி விளம்பரம். மூன்று வருடப் படிப்பு, மாதக் கட்டணம், "தேர்வு எளிது" என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எளிது என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. தனியார் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், சில நல்லவை உண்டு. கையெழுத்து வைக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள்: இந்தப் படிப்புக்கு அரசு அங்கீகாரம் இருக்கிறதா, பாஃபோக் கிடைக்குமா, கடந்த சில வருடங்களில் படித்து முடித்தவர்கள் இப்போது எந்த அரங்குகளில் இருக்கிறார்கள், நடுவில் நிறுத்தினால் எத்தனை மாதக் கட்டணம் கட்ட வேண்டும். பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பி வையுங்கள், வெளியேறும் நிபந்தனைகள் உள்ள பக்கத்தை நான் வாசித்துச் சொல்கிறேன். மகன் அதுவரை எதிலும் கையெழுத்து வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை, உங்கள் கையெழுத்தும் அவர்களுக்கு வேண்டும்.