பாய்லருக்கு பெயின்ட் அடிக்கலாம், ஆனா துரு எங்க இருக்குன்னு பாத்துட்டு அடிங்க

கேள்வி: நியூஜெர்சில பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கோம். பேஸ்மென்ட்ல கேஸ்ல ஓடுற காஸ்ட் அயர்ன் பாய்லர், ரேடியேட்டர்களுக்கு சுடுதண்ணி அனுப்புற வகை. கீழ்ப்பக்கம் தகரமெல்லாம் துரு, டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள இரும்பும் சிவந்து கெடக்கு. சூடு தாங்குற ஸ்பிரே பெயின்ட் வாங்கி உள்ளயும் வெளியயும் அடிச்சா துரு நிக்குமா அண்ணா?

வெளிய அடிங்க தம்பி, உள்ள கை வைக்காதீங்க.

வார்ப்பிரும்பு நல்ல தடிமன், மேலாப்புல லேசா செவப்பு பூத்திருக்குறதால அது ஒண்ணும் ஆகிடாது, அப்படியே பல வருஷம் ஓடும். பாய்லரை சாகடிக்கிற துரு பெயின்ட் பிரஷ் போக முடியாத எடத்துல இருக்கு, அதனால டப்பா வாங்குறதுக்கு முன்னாடி துரு எங்க, எந்த மாதிரி இருக்குன்னு பாருங்க.

பர்னர் மேல செதில் செதிலா செவப்புத் தூள் கொட்டிக் கெடந்தா அது புகை போற வழியில உண்டான துரு. கேஸ் எரிஞ்சா நீராவியும் வரும், ரேடியேட்டர்ல இருந்து திரும்பி வர்ற தண்ணி சுமார் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழயே ரொம்ப நேரம் இருந்தா அந்த ஆவி இரும்புல பட்டு தண்ணியா வேர்க்கும், அதுவும் சாதா தண்ணி இல்ல, அமிலத்தன்மை உள்ளது. பழைய வீடுகள்ல பெரிய பெரிய பைப்பும் கனமான ரேடியேட்டரும் இருக்குறதால அவ்வளவு தண்ணியும் சூடாக நேரம் எடுக்கும், அந்த நேரம் பூரா பாய்லர் உள்ளுக்குள்ள வேர்த்துக்கிட்டேதான் இருக்கும். இதுக்கு மருந்து பைபாஸ் பைப்: பாய்லர்ல இருந்து போற சூடான தண்ணில கொஞ்சத்தத் திருப்பி, ரேடியேட்டர்ல இருந்து வர்ற ஆறின தண்ணியோட கலந்து விடுறது. அதை ஹீட்டிங் ஆள வெச்சு செஞ்சுக்கோங்க. அங்க போய் பெயின்ட் அடிச்சா தீயில கருகி உரிஞ்சு பர்னர் மேலயே விழும், புகை வழி அடைச்சா கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரும்.

பாய்லர் பக்கத்துலயே வாஷிங் மெஷினும் ப்ளீச் பாட்டிலும் வெச்சிருக்கீங்களா? குளோரின் ஆவியை பர்னர் இழுத்துக்கிட்டா எரியும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமா மாறும், அது இரும்பை வேகமாத் தின்னுடும். பாட்டிலை இன்னைக்கே வேற எடத்துக்கு மாத்துங்க.

இந்த பாய்லர் செக்‌ஷன்னு சொல்ற வார்ப்பிரும்புத் துண்டுகளை ஒண்ணோட ஒண்ணு சேத்து செஞ்சது; ரெண்டு செக்‌ஷன் சேர்ற எடத்துல கோடு மாதிரி துருவும் வெள்ளையா உப்புப் படிவும் இறங்கியிருந்தா அது கசிவு. கோடையில பாய்லர் ஆஃப்ல ஆறிக் கெடக்கும்போது தண்ணி உள்ள வர்ற வால்வை மூடிட்டு கேஜ்ல பிரஷரைக் குறிச்சு வைங்க, சில நாள்ல இறங்கிட்டே போனா எங்கயோ தண்ணி போகுதுன்னு அர்த்தம் (மறுபடி ஆன் பண்றதுக்கு முன்னாடி வால்வைத் திறக்கணும், மறந்துடாதீங்க). போன தண்ணிக்கு பதிலா வர்ற புதுத் தண்ணில ஆக்சிஜன் இருக்கும், அதுதான் பாய்லரை உள்ளேர்ந்து அரிக்குது. அந்த ஜாயின்ட் மேல பெயின்ட் அடிச்சா கசிவு கண்ணுக்குத் தெரியாம போயிடும், அவ்வளவுதான் லாபம்.

இதெல்லாம் இல்ல, தரையோரம் தகரமும் அடிப்பாகமும் மட்டும்தான்னா அது பேஸ்மென்ட் ஈரம். காத்துல இருக்குற ஈரத்தை எடுக்குற டீஹ்யூமிடிஃபையரை 50 சதவீத ஈரப்பதத்துல வெச்சு ஓட்டுங்க, அப்புறம் பெயின்ட்.

1978க்கு முந்தின வீடுன்னா பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம சுரண்டாதீங்க. பாய்லர் மேலயோ பைப் மேலயோ சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா சுத்தியிருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு உண்டு, அதைத் தொடவே தொடாதீங்க.

பெயின்ட் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாய்லருக்கு கரண்ட், கேஸ் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க, பக்கத்துல கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தா அதையும் சேத்து, ஏன்னா அதுல பைலட் தீன்னு ஒரு சின்னத் தீ அணையாம எரிஞ்சுக்கிட்டு இருக்கலாம், பெயின்ட் ஆவி புடிச்சுக்கும். வயர் பிரஷ் போட்டு உதிர்ற துருவை எடுத்து, மினரல் ஸ்பிரிட்ல (பெயின்ட் தின்னர்) துடைச்சு, காய்ஞ்சதும் துரு தடுக்குற பிரைமர் ஒரு கோட், மேல எண்ணெய் எனாமல் ரெண்டு கோட். வெளித்தகரத்துக்கு இது தாராளமா போதும், அது அவ்வளவு சூடாகாது. 1200 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்குற அடுப்பு பெயின்ட்டுக்கு காசு கொட்ட வேண்டாம், அது நல்லா சூடாகி இறுகினாதான் கெட்டியா நிக்கும், இங்க அந்த சூடே கெடைக்காது. வெளிய தெரியிற வெறும் இரும்புல 180 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் தண்ணிச் சூடு ஏறும், அதுக்கு இன்ஜின் எனாமல் சரியா இருக்கும். ஸ்பிரே வேணாம், பிரஷ்ஷே போதும், ஸ்பிரே தூறல் பர்னர் ஓட்டையில போய் உக்காந்துக்கும். ரிலீஃப் வால்வ், கேஜ், கேஸ் வால்வ், மாடல் நம்பர் தகடு இது எது மேலயும் ஒரு சொட்டு படக்கூடாது, டேப் ஒட்டிக்கோங்க.

டப்பால போட்டிருக்குற நேரம் முழுசா காயவிட்டு, பெயின்ட் வாடை போனப்புறம் கேஸைத் திறங்க. முதல் தடவை சூடாகும்போது கொஞ்சம் நாறும், ஜன்னலைத் திறந்து வைங்க. ரெண்டாம் நாளும் நாத்தம் அடிச்சா இல்ல கண்ணு எரிஞ்சா உடனே நிறுத்திட்டு ஆளக் கூப்பிடுங்க.