மடியில் முடிந்த ஆள்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொட்டோசி மலையின் வெள்ளிச் சுரங்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ‘மித்தா’ என்ற கட்டாய வேலை முறையில் மலைக்கு அனுப்பப்பட்ட பழங்குடிகளுக்குக் கூலி உண்டு, ஆகவே அது அடிமைமுறை அல்ல என்கிறீர்கள். ஸ்பானியர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களோ என்று தோன்றியது. சுரங்கத்துக்குள் சாத்தானுக்குப் படையல் வைப்பவர்கள் திருப்பலிக்கும் போகிறார்கள் என்கிறீர்கள். அப்படியானால் மதமாற்றம் தோற்றுவிட்டதா?

க., திருச்சி

அன்புள்ள க.,

வக்காலத்து இல்லை. அடிமை என்று எழுதிவிட்டால் மித்தாவின் சூட்சுமம் கண்ணில் படாமல் போய்விடும். பொட்டோசியில் விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள், நாணயச்சாலையில் உழைத்தார்கள். மித்தாவில் வந்தவன் கதை வேறு. அவனுக்கு ஊர் உண்டு, நிலம் உண்டு, கூலியும் உண்டு. வினையே அந்தக் கூலியில்தான்.

பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி டொலேடோ 1570களில் வகுத்த ஏற்பாடு இது. ஆண்டுதோறும் சுமார் 13,500 ஆண்கள் மலைக்கு வர வேண்டும். ஏழு பேரில் ஒருவர் என்பது கணக்கு. டிட்டிகாகா ஏரிக்கரையிலிருந்து மனைவி, பிள்ளைகள், லாமாக்களோடு கிளம்பினால் ஏறத்தாழ இரண்டு மாத நடை. ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது விதி. கொடுத்த கூலியில் வயிறு நிறையாததால் ஓய்வு வாரத்திலும் அதே சுரங்கத்தில் தானாகப் போய் வேலை கேட்டார்கள். அப்படிக் கேட்டுச் செய்பவனுக்கு ‘மிங்கா’ என்று பெயர். கிடைத்தது கிட்டத்தட்ட இருமடங்குக் கூலி. அதே ஆள், அதே கடப்பாரை.

இந்த வித்தியாசத்தை ஒரு சரக்காகவே ஆக்கிவிட்டார்கள். ஆள் அனுப்ப முடியாத ஊர்த்தலைவன், அதாவது ‘குராக்கா’, பதிலுக்கு வெள்ளி அனுப்பலாம். சுரங்க முதலாளி அதில் மிங்கா ஆளை அமர்த்த வேண்டும். தாது வற்றிய சுரங்கக்காரன் எதற்கு அமர்த்துகிறான்? பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அப்படிக் காசாக வந்த ஆளை ஸ்பானியர்கள் ‘இந்தியோ டி ஃபல்த்ரிக்கேரா’ என்றார்கள். மடியில் முடிந்துகொண்ட இந்தியன் என்று சொல்லலாம். ஆள் மலைப்பக்கமே வரவில்லை, காசு வந்துவிட்டது. அடிமையை வைத்திருப்பவன் அவனுக்குச் சோறாவது போட வேண்டும்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏழாண்டுக்கு ஒருமுறை முறை வரும் என்று எழுதியிருந்தேன். அது சட்டம். சொந்த ஊரை விட்டு வேற்றூரில் குடியேறியவனுக்கு மித்தா கிடையாது என்பதால் ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். மிஞ்சியவர்களுக்கு முறை சீக்கிரமே திரும்பி வந்தது. இதை விட்டது என் பிழை, கட்டுரையில் சேர்த்துவிடுகிறேன்.

மதமாற்றத்துக்கு வருகிறேன். பொட்டோசியின் பழைய நாணயச்சாலையில், இப்போது அது அருங்காட்சியகம், 18ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. மலையே மாதாவின் அங்கி. உச்சியில் முகம், இருபுறமும் கைகள். அங்கியின் மேல் ஒற்றையடிப் பாதைகள், லாமாக்கள், பொடிப்பொடியாக மனிதர்கள். மேலே திரித்துவம் முடிசூட்டுகிறது. கீழே போப்பும் அரசரும் நிற்கிறார்கள்.

அந்த அங்கிக்குள்ளே, அதாவது சுரங்கத்துக்குள்தான், நீங்கள் சொன்ன சாத்தான் ‘தியோ’ உட்கார்ந்திருக்கிறார். தியோ என்றால் மாமா. கொம்பு வைத்த களிமண் உரு, வாயில் எரியும் சிகரெட், மடியில் சுரங்கத்தார் மெல்லும் கோக்கா இலை. வெளியே அவள் ஆட்சி, உள்ளே இவர் ஆட்சி. இதில் எது தோற்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறும் குடும்பத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள்.

திருச்சபையும் அப்படியொன்றும் கறாராக இல்லை. 16ஆம் நூற்றாண்டில் லிமாவில் கூடிய ஆயர் மன்றங்கள் கோக்காவை மூடநம்பிக்கையின் இலை என்று கண்டித்தன. குஸ்கோ பேராலயமோ கோக்காத் தோட்டங்களிலிருந்து தசமபாகம் வாங்கிக்கொண்டிருந்தது.

அன்புடன்.